மரமா, பிளாஸ்டிக்கா, தகடா: அணில் தீனிப் பெட்டி எதில் செய்தால் நிலைக்கும்?

என் முதல் பெட்டியின் மூடி இன்னும் பரணில் கிடக்கிறது. பைன் பலகை. முன்விளிம்பின் நடுவில் கரண்டியால் தோண்டியது போல ஒரு பிறை வடிவப் பள்ளம். பள்ளத்தை உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னக் கீறல்கள், ஜோடி ஜோடியாக. மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள் போட்ட கையெழுத்து அது. மழையில் மக்குவதற்கு முன்பே, இரண்டரை வருடத்தில் அந்த மூடியை அணில் முடித்துவைத்தது.

அது சேட்டை இல்லை. கொறிக்கும் பிராணிகளுக்கு வெட்டுப்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அணிலுக்கு வருடத்துக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். தேய்க்காமல் விட்டால் வாயை மூட முடியாது. பல்லின் முன்பக்கம் கடினமான எனாமல், பின்பக்கம் மெத்து. பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் நுனி எப்போதும் உளி போலக் கூராகவே இருக்கும். ஆகவே எந்தப் பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்கும்போது மழை, வெயில் இரண்டோடு பல்லையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விற்பவர்கள் சொல்லும் ஆயுளில் பெரும்பாலும் அது இருக்காது.

மரம்

சாயம், எண்ணெய் எதுவும் பூசாத பைன் பெட்டி வெளியில் தொங்கினால் இரண்டு மூன்று வருடம். சிடாரும் தேக்கும் வேறு ரகம். அவற்றின் வைரத்திலேயே, அதாவது கெட்டியான நடுமரத்திலேயே, இருக்கும் எண்ணெயும் பிசினும் பூஞ்சையைத் தள்ளி வைக்கும். அதே தடிமனில் பைனைவிட இரண்டு மடங்காவது உழைக்கிறது என்பது என் அனுபவம். பிளைவுட்டைப் பற்றி ஒரே வரி: ஓரத்தில் தண்ணீர் ஏறி, அடுக்கடுக்காகப் பிரிந்து, பழைய புத்தகம் மாதிரி விரியும். வேண்டாம்.

மரத்தின் பெரிய குணம் ஒன்று: அது சொல்லிவிட்டுத்தான் சாகும். முதலில் நிறம் மங்கும், அப்புறம் இணைப்பு லேசாகத் திறக்கும், அப்புறம் அடிப்பலகையின் வெட்டுமுனை கறுக்கும். கவனித்துக்கொண்டிருந்தால் பல மாதம் அவகாசம் கிடைக்கும். கெட்ட குணமும் உண்டு. நிலக்கடலையின் எண்ணெய் பலகையின் நுண்துளைகளில் இறங்கிக் காறிப்போகும். எவ்வளவு தேய்த்தாலும் முழுசாக வெளியே வராது.

பழைய பலகை சும்மா கிடைக்கிறதே என்று எடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரையான் அரிக்காமல் இருக்க ஒரு காலத்தில் மரத்துக்கு ஆர்செனிக் கலந்த மருந்தை ஏற்றினார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அது 2003 முடிவோடு நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய பலகைகள் இன்னும் புழக்கத்தில் உண்டு. கொறித்துத் தின்னும் பிராணிக்குப் பெட்டி செய்ய அதைத் தொடக்கூடாது.

பிளாஸ்டிக்

இதை ஒரே பொருளாகப் பேசுவது தவறு. கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக், பாலிகார்பனேட் ஒரு வகை. காய் வெட்டும் பலகை செய்யும் ஹெச்டிபிஇ (அடர்த்தியான பாலிஎத்திலீன்) இன்னொரு வகை.

முதல் வகையை நான் ஒரு முறைதான் வாங்கினேன். உள்ளே எவ்வளவு கடலை மிச்சம் என்று தூரத்திலிருந்தே தெரியும், அந்தச் சுகம் உண்மைதான். ஒரு வருடத்தில் மஞ்சளடித்தது. அடுத்த வருடம் ஒரு காலையில் திருகாணி ஓட்டையிலிருந்து மூலை வரை விரிசல். முந்தின நாள் மாலை அதே இடத்தைத் துடைத்தேன், எதுவும் தெரியவில்லை. வெயில் தின்ற பிளாஸ்டிக் இப்படித்தான், முன்னறிவிப்பே கிடையாது. உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், அணில் தலையை நுழைப்பதும் அந்த இடத்தில்தான்.

ஹெச்டிபிஇ பலகை வேறு கதை. தண்ணீரை உறிஞ்சாது, மக்காது, எண்ணெய் அவ்வளவாக ஊறாது. வெயில் தாங்கும் சேர்மானம் கலந்ததாக இருந்தால் பத்து வருடம் எதிர்பார்க்கலாம். ஆனால் இது இரும்பைப் போலச் சுமார் பத்து மடங்கு விரிந்து சுருங்கும். 30 சென்டிமீட்டர் பலகை, காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு குறுகும். தினமும் இப்படி இழுபட்டால் திருகாணி தளரும். ஓட்டையைக் கொஞ்சம் நீள்வட்டமாகப் போட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது. பல்லுக்கு முன்னால் இதுவும் மெத்துதான், பிசிறு பிசிறாகக் கொறித்துத் துப்பும். வாசல் ஓட்டை பெரிதாகும், பெட்டி பிழைக்கும்.

தகடு

பல்லை ஜெயிப்பது இது ஒன்றுதான். அதிலும் அலுமினியம் மெல்லியதாக இருந்தால் அணில் விளிம்பை மடக்கிக் கடித்துவிடும். துத்தநாகப் பூச்சு உள்ள இரும்புத் தகடு நன்றாக உழைக்கும், ஆனால் வெட்டிய விளிம்பிலும் துளைத்த ஓட்டையிலும் பூச்சு இருக்காது, துரு அங்கிருந்துதான் கிளம்பும். பவுடர் கோட்டிங் செய்ததில் ஒரு சின்ன செதில் பெயர்ந்தால் போதும், துரு அடியிலேயே ஊர்ந்து போய் மேலே கொப்புளமாகத் தெரியும். எவர்சில்வரில் இந்தக் கவலை இல்லை, விலைதான் கவலை.

தகட்டுக்கு எதிராக நான் சொல்வது வேறு. இரவில் குளிர்ந்த தகட்டின் உட்புறம் விடியற்காலையில் வியர்க்கும். மரம் அந்த ஈரத்தைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். தகடு குடிக்காது, சொட்டு சொட்டாகத் தீனிமேல் விடும். பெட்டி பத்து வருடம் பளபளவென்று இருக்கும், உள்ளே மக்காச்சோளம் நான்கே நாளில் பூஞ்சை பிடிக்கும். இது சாதாரண விஷயமில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தன. கடைசியில் காரணம் தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு என்று தெரிந்தது. அதில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுக்குத்தான் பிற்பாடு அஃப்ளடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். அதனால் தகட்டுப் பெட்டி என்றால் பக்கவாட்டில் காற்றுத் துளையும் அடியில் வடிதுளையும் இல்லாமல் வாங்காதீர்கள்.

உண்மையில் முதலில் போவது

எந்தப் பொருளானாலும் உடம்பு கடைசியில்தான் போகிறது, கீல்தான் முதலில். அணில் மூடியைத் தலையால் முட்டித் தூக்கும், கடலையை எடுக்கும், பின்வாங்கும், மூடி ‘டப்’பென்று விழும். ஒரு நாள் காலையில் எண்ண உட்கார்ந்து, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். வருகிற அணிலின் எடையும் முக்கியம். கோடுபோட்ட சின்ன அணில் 100 கிராம் இருக்கும். சாம்பல் அணில் அரைக் கிலோவைத் தொடும். ஒரே பெட்டி, இரண்டு ஆயுள்.

கீலுக்கும் திருகாணிக்கும் எவர்சில்வர் போட்டுவிடுங்கள். சாதா இரும்பு ஆணி சிடார் மரத்தில் ஏறினால் சுற்றிலும் மை கொட்டியது போலக் கறுக்கும். பித்தளைக் கீலை அலுமினியத் தகட்டில் பூட்டினால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

எப்போது தூக்கிப் போடுவது

வருடக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெட்டியைக் காலி செய்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுசாகக் காயவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலைதான் இது. காய்ந்த பிறகு அடிப்பலகையில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூக்கை வையுங்கள். புழுங்கிய வாடையோ காறல் வாடையோ திரும்ப வந்தால் அந்தப் பலகைக்கு நாள் முடிந்தது. திருப்புளியின் நுனியை மரத்தின் வெட்டுமுனையில் அழுத்திப் பாருங்கள், கேக்கில் இறங்குவது போல இறங்கினாலும் அதே தீர்ப்பு. தகடானால் விளிம்பு நெடுகத் துணியை இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அணிலின் உதடும் மாட்டும். பிளாஸ்டிக்கில் விரிசல் கண்ணில் பட்டால் அன்றைக்கே இறக்கிவிட வேண்டும், ஒட்டுப் போடுவதெல்லாம் வீண்.

அடிப்பலகை, மூடி, கீல் போனால் மாற்றலாம். பக்கப் பலகைகளின் இணைப்பு ஆடத் தொடங்கினால் பெட்டியே போயிற்று. திருகாணியை இன்னும் ஆழமாக ஏற்றி ஒரு மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

அதனால்தான் நான் கலப்புப் பெட்டிக்கு வந்து சேர்ந்தேன். உடம்பு சிடார், தரை துளை போட்ட ஹெச்டிபிஇ, மூடி விளிம்பிலும் வாசல் விளிம்பிலும் மடித்துப் பொருத்திய எவர்சில்வர் பட்டை, எல்லாமே ஆணி இல்லாமல் திருகாணியில். முழுத் தகட்டுப் பெட்டியைவிட வேலை அதிகம், ஆனால் தீனி ஈரமாகாது, கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். இப்போது ஆறாவது வருடம். தரை ஒரு முறை, கீல் ஒரு முறை மாறியிருக்கிறது. பட்டையில் சில கீறல்கள், அவ்வளவே. அணில் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு, பட்டை முடிகிற இடத்திலிருந்து பக்கப் பலகையைக் கொறிக்க ஆரம்பித்திருக்கிறது.