முழங்கால் தாண்டாத ரோஜா: உரமா, மண் மாற்றமா?

போன ஆவணியில் நானும் தங்கையும் ஒரே வண்டிக்காரரிடம் ஆளுக்கொரு சிவப்பு ரோஜா வாங்கினோம். இரண்டும் ஒட்டுச்செடி, இரண்டும் ஒரு அடிக்குச் சற்று மேல், இரண்டிலும் ஒவ்வொரு பூ. தை பிறந்தபோது அவள் செடி இடுப்பளவு வந்து, பக்கத்துக்குப் பக்கம் கிளை விட்டிருந்தது. என்னுடையது வாங்கிய உயரத்திலேயே நின்றது. இருவருக்கும் திருச்சி வெயில்தான், இருவருக்கும் மொட்டைமாடிதான். நான் மாதா மாதம் உரம் போட்டுக்கொண்டே இருந்தேன். அவளோ வாங்கிய இரண்டாவது வாரமே செடியை எடுத்து, மண்ணை மாற்றி வைத்துவிட்டாள்.

ரோஜா வளரவில்லை என்றால் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது உரத்தின் பெயர்தான். தொட்டிச் செடியைப் பொறுத்தவரை அந்த வரிசை தப்பு என்பது என் உறுதியான எண்ணம். முதலில் வெயில், அடுத்து வேர், அதற்கு அப்புறம்தான் உரம். வெயிலைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வெயில் படும் பால்கனியில் வேறு எதைச் செய்தாலும் செடி குச்சியாகத்தான் நிற்கும்.

வேருக்கு வருவோம். தை கடைசியில் என் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து எடுத்தேன். நான் போட்டிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு சிவப்புக் களிமண் உருண்டை, வாங்கிய அன்று இருந்தபடியே. வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து விரலால் மெல்லக் கரைத்தேன். உள்ளே பழுப்பு வேர்கள் நூல்கண்டு போல ஒன்றையொன்று சுற்றிக் கிடந்தன. புதிதாக வெளுத்து ஓடும் வேர் என்று தேடினால் நாலைந்துதான். மேலே, ஒட்டுக் கட்டிய இடத்தில், பிளாஸ்டிக் நாடா அவிழ்க்கப்படாமல் தண்டை இறுக்கிப் பள்ளம் போட்டிருந்தது. அத்தனை மாதம் நான் போட்ட உரமெல்லாம் இந்த உருண்டையைச் சுற்றியிருந்த வெறும் மண்ணுக்குத்தான் போயிருக்கிறது.

வெகுதூரம் லாரியில் வரும் செடி வாடாமல் இருக்கத்தான் அந்தக் களிமண்ணை அப்புகிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் நம் வெயிலில் ஒருமுறை காய்ந்துவிட்டால் அது செங்கல் மாதிரி இறுகிவிடும். ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி வழிந்து அடித் துளை வழியே ஓடிவிடும். பார்ப்பவருக்குச் செடி நன்றாகத் தண்ணீர் குடிப்பதாகத் தோன்றும். உள்ளே வேர் தாகத்தில் இருக்கும்.

சரி, அப்படியானால் எல்லோரும் உடனே செடியைப் பிடுங்க வேண்டுமா என்றால், வேண்டாம். மண் மாற்றம் செடிக்கு அறுவைச் சிகிச்சை மாதிரி. நுனி வேர் அறுபடும், ஒரு வாரம் பத்து நாள் இலை உதிரும். பங்குனி தொடங்கி கத்திரி முடியும்வரை அதைச் செய்யவே கூடாது. மாற்றிய செடியை ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு படிப்படியாக வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். வாங்கி ஓராண்டுக்குள் இருந்து, வந்த நாளிலிருந்தே அசையாமல் நிற்கும் செடிக்கு மண் மாற்றம். ஒன்றரை இரண்டு வருடம் நன்றாக வளர்ந்து பூத்துவிட்டு, இப்போது அடியிலைகள் வெளிறி, பூ சிறுத்துப்போன செடிக்கு உரம். நான் இரண்டையும் பிரிப்பது இப்படித்தான்.

மண் கலவை பெரிய வித்தையில்லை. செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணலோ அலசிய தேங்காய்நார்க் கழிவோ ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அந்த முடிச்சுக்குக் கீழேயிருந்து வேறு மாதிரி இலையோடு வேகமாக ஒரு கிளை கிளம்பினால் சந்தோஷப்படாதீர்கள். அது ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிச்செடியின் கிளை, மேலே போக வேண்டிய சத்தைத் தின்றுவிடும். அடியோடு பிய்த்து எடுங்கள்.

இனி உரங்களுக்குள் போட்டி. டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) என்ற ரசாயன உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 18 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பேட்) 46 சதவீதம். வயலுக்கு நல்ல உரம்தான். ஆனால் தொட்டியில், அதுவும் வளராத செடிக்கு, நான் போட மாட்டேன். அளவு சற்றுக் கூடினாலும் இலை ஓரம் கருகும். மணிச்சத்து மண்ணில் சேரச் சேர, இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைப்பது தடைப்படும். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதவீதம்தான், ஆனால் நிதானமாக வேலை செய்யும். 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கொரு முறை ஊற்றலாம். நாற்றம் அடிக்கும், அதனால் சாயங்காலம் ஊற்றுங்கள். காய்ந்த புண்ணாக்கை அப்படியே தூவினால் எறும்பு புற்று வைத்துவிடும். வாழைப்பழத்தோல், முட்டை ஓடு, டீத்தூள் எல்லாம் மட்கு குழிக்குப் போகட்டும். பச்சையாகத் தொட்டியில் போட்டு உடனே பலன் எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

எப்சம் உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லார் வீட்டிலும் அது ஒரு டப்பா இருக்கிறது. அது மெக்னீசியம் சல்பேட். முதிர்ந்த அடியிலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் அது உதவும். நம் ஊர்களில் நான் அதிகம் பார்ப்பது வேறு: புதிய கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புக் குறை. போர்த் தண்ணீரின் உப்பு மண்ணைக் காரமாக்கிவிடுவதால் மண்ணில் இருக்கிற இரும்பைக்கூட வேரால் எடுக்க முடிவதில்லை. அதற்கு எப்சம் உப்பு எத்தனை கரண்டி போட்டாலும் பயனில்லை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே சில சொட்டு எலுமிச்சைச் சாறு, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிப்பு. முடிந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ரோஜாவுக்கு மட்டுமாவது ஊற்றுங்கள்.

கவாத்து செய்வதா, மொட்டைக் கிள்ளுவதா? நன்றாக இருக்கும் செடியை ஐப்பசி கார்த்திகையில் பாதி உயரத்துக்கு வெட்டினால் தழைத்து வரும். நலிந்த செடியை அப்படி வெட்டினால், அதன் கையிருப்பு தண்டிலும் இலையிலும்தான் இருக்கிறது, அதையும் பிடுங்கிக்கொண்டது போலாகும். காய்ந்ததையும் குச்சிக் கிளையையும் மட்டும், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டினால் போதும். மொட்டை மட்டும் விடக் கூடாது. பட்டாணி அளவு வந்ததுமே கிள்ளிவிட வேண்டும். மனசு கேட்காது, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பூவுக்குச் செலவாகும் சத்தில் ஒரு கிளை வரும்.

தரையில் இடம் இருப்பவர்களுக்குத் தொட்டியே வேண்டாம், வேர் ஓட இடம் கிடைத்தால் செடி தானாக நிமிரும். கரிசலோ, தண்ணீர் தேங்கும் களிமண்ணோ என்றால் மட்டும் தொட்டிதான் மேல். அப்புறம் இன்னொன்று. உங்களிடம் இருப்பது பட்டன் ரோஜா என்றால் அதன் உயரமே ஒன்றரை அடி சுமார்தான். அதை வளரவில்லை என்று வாட்ட வேண்டாம்.

என் செடியின் நாடாவை பிளேடால் கீறி எடுத்து, வேரைப் பிரித்து, புது மண்ணில் வைத்தேன். மாசி முழுக்க ஒரு இலைகூட வரவில்லை. பங்குனி இரண்டாம் வாரம் முடிச்சுக்கு மேலே, நாடா அழுத்திய பள்ளத்தை ஒட்டி, சிவந்த கொழுந்து ஒன்று பருத்துக் கிளம்பியது. இப்போது அது ஒன்றே இரண்டடி உயரம், கூடவே இன்னும் மூன்று கிளைகள். இதுவரை ஐந்து மொட்டு கிள்ளியிருக்கிறேன். ஆறாவதை விட்டுவிடலாம் என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.