ஏலகிரியா, கொடைக்கானலா?

சின்னப் பிள்ளைகளோடு இரண்டு நாள் கூடாரம், கொஞ்சம் சைக்கிள் என்றால் நான் ஏலகிரியைத்தான் சொல்வேன்.

சைக்கிளுக்குக் கொடைக்கானல் ஏரிச் சாலை அருமைதான். 1863-ல் உருவான அந்த ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் கிடையாது. வாடகைக்கு இருவர் மிதிக்கும் சைக்கிளும் உண்டு. சைக்கிள் ஓட்டத் தெரியாத பாட்டியும் பின்னால் உட்கார்ந்து வரலாம். ஆனால் விடுமுறையில் காரும் குதிரையும் நெருக்கும். காலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். 2,100 மீட்டர் உயரம். இரவில் கூடாரத்துக்குள் குளிர் எலும்பைத் தொடும்.

ஏலகிரி அதில் பாதி உயரம்தான். ஒரு கம்பளி போதும், குழந்தை நன்றாகத் தூங்கும். ஜோலார்பேட்டை வரை ரயில், அப்புறம் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்; பிள்ளைகள் சத்தமாக வாசித்துக்கொண்டே வருவார்கள். மேலே நிலாவூர்ப் பக்கம் ஊர்ச் சாலைகளில் நிதானமாக மிதிக்கலாம். சைக்கிளை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், பிரேக் கட்டையையும் பார்த்துவிட்டு.