சரிவான சரளைப் பாதை: சீரமைப்பதா, கான்கிரீட்டுக்கு மாறுவதா?

களை மண்டிய சரிவுப் பாதையில் புதிய சரளையை மேலே கொட்டுவதைச் சீரமைப்பு என்று சொல்ல முடியாது. கற்களின் இடுக்குகளில் சேர்ந்த மண்ணிலும் மட்கிய இலைகளிலும் விழும் விதைகளே பெரும்பாலும் முளைக்கின்றன என்பதால், அந்த அடுக்கை வழித்தெடுத்து, ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரைக் கசியவிட்டு, மண்ணும் கல்லும் கலக்காமல் பிரித்து வைக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, அதன்மேல் கூர்முனைகள் கொண்ட உடைகல் ஜல்லியை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்க வேண்டும்; உருண்டைக் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று பிணையாமல் வண்டிச் சக்கரத்தின் அடியில் உருண்டு சரிவின் அடிவாரத்தில் குவிந்துவிடும். பாதையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி மழைநீரை ஓரங்களுக்குத் திருப்பினால் அரிப்பு குறையும். இவ்வளவு செய்தாலும் களையெடுப்பு அடியோடு நின்றுவிடாது, ஏனெனில் துணி மேலிருந்து விழும் விதைகளைத் தடுப்பதில்லை.

கான்கிரீட்டில் களை, இணைப்புக் கோடுகளிலும் விரிசல்களிலும் மட்டுமே தலைகாட்டும். கல் நகரும் தொல்லையும் இல்லை. ஆனால் செலவு கூடுதல். நீர் உள்ளிறங்காமல் வேகமாக வழிந்தோடும் என்பதால் கீழ்முனையில் குறுக்கு வடிகாலும், வழுக்காதிருக்கச் சொரசொரப்பான மேற்பரப்பும் தேவை.

லேசான சரிவுக்குச் சீரமைப்பே போதும் என்பது என் கருத்து. சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும் அளவுக்குச் செங்குத்தாக இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டுமாவது கான்கிரீட் போடுவது நல்லது.