வரலாற்றுக் குறிப்பு போட்ட டெய்லி காலண்டர் – வாங்கலாமா?

ராகு காலம், நல்ல நேரம் எல்லா காலண்டர்லயும் இருக்கும், ஆனா இதுல ஒவ்வொரு தாளோட பின்பக்கமும் அன்னைக்கு தேதில நடந்த வரலாறு போட்டிருக்காங்க, அதுக்காகவே வாங்கலாம்னு சொல்வேன்.

ஜூலை 10 தாள எடுத்துக்கோங்க. 1806ல வேலூர் கோட்டைல சிப்பாய்ங்க கிளர்ச்சி பண்ணின நாள். 1857 சிப்பாய் கலகத்துக்கு 51 வருஷம் முன்னாடிங்க! புது தலைப்பாகை போடணும், நெத்தில மதக்குறி கூடாது, தாடிய எடுக்கணும்னு கிழக்கிந்திய கம்பெனி ஆர்டர் போட்டதுல கொதிச்சுப் போய் விடியறதுக்குள்ள கோட்டைய பிடிச்சிட்டாங்க, திப்பு சுல்தானோட கொடிய ஏத்தினாங்க, ஆனா ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பிங்கற ஆங்கிலேய அதிகாரி குதிரைப்படையோட வந்து அன்னைக்கே அடக்கிட்டான், நூத்துக்கணக்குல சிப்பாய்ங்கள கொன்னாங்க. படிக்கும்போதே மனசு கனத்துப்போச்சு. அடுத்த வருஷமே சென்னை கவர்னரா இருந்த வில்லியம் பெண்டிங்க் பிரபுவ இங்கிலாந்துக்கு திரும்ப கூப்பிட்டுட்டாங்க.

அதே தாள்ல 1856 நிக்கோலா டெஸ்லா பிறப்பு, 1962 டெல்ஸ்டார் சாட்டிலைட் ஏவினதுன்னு ஒத்த வரில இருக்கு.

குறைன்னா, வேலூர் சேதிக்கு இவங்க கொடுத்தது ரெண்டே வரி, திப்பு குடும்பத்த அந்த கோட்டைலதான் காவல்ல வச்சிருந்தாங்கன்னு கூட இல்ல, மேல நான் எழுதினதுல பாதி வெளிய படிச்சதுதான். எழுத்தும் ரொம்ப பொடி, வயசானவங்களுக்கு கஷ்டம். பேப்பர் நல்ல கனம், மை பின்னாடி ஊறல. ஸ்கூல் படிக்கிற பசங்க இருக்கிற வீட்டுல கண்டிப்பா மாட்டுங்க.