குன்னூரில் ஃபேன் ஷாஃப்ட் வேலை: திட்டத் தாள் எழுதி வெட்டும் பட்டறை

தேயிலை பேக்டரியில் டிரையர் ஃபேன் நின்றுவிட்டால், நொதிக்கப் போட்ட தூள் காத்திருக்காது. அந்த அவசரத்தில் பழைய ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு கிடைத்த லேத்துக்கு ஓடுவதும், ஆறே மாதத்தில் பேரிங் சீட் (பேரிங் உட்காரும் இடம்) தேய்ந்து மறுபடி ஓடுவதும் நீலகிரியில் வாடிக்கை. குன்னூருக்கும் அரவங்காட்டுக்கும் இடையில் உள்ள இந்தச் சின்னப் பட்டறை அங்கேதான் வித்தியாசப்படுகிறது. லேத், மில்லிங், சிலிண்ட்ரிகல் கிரைண்டர் எல்லாம் மற்ற இடங்களிலும் உண்டு. இங்கே ஒவ்வொரு வேலைக்கும் வரிசை, பிடிக்கும் முறை, விட வேண்டிய அலவன்ஸ் (பிறகு சீவ மிச்சம் வைக்கும் உலோகம்), அளக்கும் கருவி நான்கையும் ஒரு தாளில் எழுதிய பிறகுதான் பாரை அறுக்கிறார்கள்.

சமீபத்திய வேலை ஒரு ஃபேன் ஷாஃப்ட்: இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு), நீளம் 900 மி.மீ., இரு பக்கமும் 6310 பேரிங் (உள்விட்டம் 50 மி.மீ.), ஒரு முனையில் 45 மி.மீ. புல்லி சீட். எடுத்தது 65 மி.மீ. கருப்பு ராட் (சூட்டில் உருட்டிய கம்பி). நடுவில் முடிவு அளவு 62. 60 மி.மீ. ராடே போதும் என்று சிக்கனம் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் 6310 உட்கார, தோள் (பேரிங் சாய்ந்து நிற்கும் படி) விட்டம் குறைந்தது 61 வேண்டும். தோளின் மூலை ரேடியஸ் 2 மி.மீ.க்கு மேல் போகவும் கூடாது. போனால் பேரிங் தோளில் ஒட்டாமல் மூலை வளைவில் ஏறி நிற்கும். இரண்டும் தாளின் முதல் வரியிலேயே இருந்தன.

முதலில் இரு முகங்களையும் சீவி சென்டர் அடிக்கிறார்கள். கடைசி கிரைண்டிங் வரை எல்லாமே அந்த இரண்டு சென்டரில்தான். இடையில் சக்கில் பிடித்து எந்தச் சீட்டையும் முடிப்பதில்லை. ரஃப் டர்னிங் 630 ஆர்.பி.எம்., ஃபீட் 0.25, அதாவது நீளம் முழுக்க ஒரு பாஸுக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம். நடுவில் ஸ்டெடி (ஷாஃப்டைத் தாங்கும் பிடி) கட்டாயம். இல்லாவிட்டால் டூல் தள்ளுவதில் ஷாஃப்ட் வளைந்து விலகி, நடுப்பகுதி வயிறு வைத்துவிடும். தாளில் இன்னொரு குறிப்பும் கண்டேன்: “ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் டெயில்ஸ்டாக்கைத் தளர்த்தி இறுக்கு.” டெயில்ஸ்டாக் என்பது மறுமுனைச் சென்டரைத் தாங்கும் பாகம். 900 மி.மீ. இரும்பு 30 டிகிரி சூடேறினால் 0.3 மி.மீ. நீளும். நீள இடம் இல்லாவிட்டால் வில்லாக வளையும். அப்படி வளைந்த நிலையில் வெட்டியது, ஆறிய பிறகு டயலில் ஆட்டம் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கீவே (புல்லியைப் பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) விஷயம். 45 மி.மீ.க்கு 14 × 9 கீ. ஷாஃப்டில் ஆழம் 5.5. தாளில் 5.65 என்று எழுதியிருந்தது. தப்பு இல்லை. கீவேயைக் கிரைண்டிங்குக்கு முன்பே போடுகிறார்கள். அப்போது சீட்டில் 0.3 மி.மீ. அலவன்ஸ் பாக்கி இருக்கும். ஒரு பக்கத்துக்கு 0.15. அது போனபின் ஆழம் சரியாக 5.5-இல் நிற்கும். இதை எழுதி வைக்காத இடத்தில் மில்லிங்காரர் டிராயிங்கைப் பார்த்து 5.5 வெட்டுவார், கடைசியில் கீ 0.15 உயர்ந்து நிற்கும், புல்லியில் இடம் போதாவிட்டால் ஃபிட்டர் கீயை அரம் போட்டுக் குறைப்பார். வரிசையை மாற்றி, கிரைண்டிங் முடித்துவிட்டுக் கீவே போட்டால் அதைவிட மோசம்: ஒரு பக்கம் மட்டும் உலோகம் போனதும் உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டு ஷாஃப்ட் வளையும், விளிம்புப் பிசிறு சீட்டைக் கீறும். பிரைட் பாரில் (குளிர் நிலையில் இழுத்த பளபளப்பான கம்பி) இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அகலத்துக்கும் 14 மி.மீ. கட்டரை நேரே இறக்குவதில்லை. 12 மி.மீ. கட்டரில் நடுவை எடுத்துவிட்டு இரு சுவர்களையும் தனித்தனியே தொடுகிறார்கள்.

பேரிங் சீட் 50 கே6, அதாவது 50 மி.மீ.க்கு மேல் +0.002 முதல் +0.018 மி.மீ. வரை. இடைவெளி வெறும் 16 மைக்ரான். கிரைண்டரில் இருந்து 40 டிகிரி சூட்டில் இறங்கிய ஷாஃப்ட், 20 டிகிரிக்கு ஆறும்போது விட்டத்தில் 11 மைக்ரானுக்கு மேல் சுருங்கும். சூட்டோடு அளந்து +0.010 என்று முடித்தால் ஆறியபின் அளவுக்குக் கீழே. பேரிங்கின் உள்வளையம் சீட்டில் நழுவ ஆரம்பிப்பது இப்படித்தான். இங்கே இரண்டு மணி நேரம் ஆறவைத்து, மைக்ரோமீட்டரையும் பக்கத்திலேயே வைத்து அளக்கிறார்கள். குன்னூரின் குளிர் இதற்குப் பெரிய உதவி.

சி.டி.சி. ரோலர் (தேயிலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் பல் உருளை) கூர்தீட்டும் வேலையும் எடுக்கிறார்கள். டர்னிங், மில்லிங், சேசிங் (சுற்றுப் பள்ளம் வெட்டுவது) மூன்றிலும் ரோலரை அதன் ஜர்னலில் (பேரிங் உட்காரும் கழுத்து) தாங்கியே சுற்றுகிறார்கள். சரியான முறை. சென்டர் துளை அடிபட்ட ரோலரை அதில் நம்பிப் பிடித்தால், பல் வட்டமும் பேரிங் வட்டமும் வேறு வேறாகி, ஜோடியின் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். இலை பாதி அரைபட்டும் படாமலும் விழும்.

குறைகள் உண்டு. ஹீட் ட்ரீட்மெண்ட் வேண்டுமென்றால் கோவைக்கு அனுப்புகிறார்கள். பர்லியார் வழி இறங்கி ஏறி வர நான்கைந்து நாள் கூடுதல். இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்வதில்லை. பேக்கிங் அதைவிட மோசம். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கிரைண்ட் செய்த சீட்டை லேசாக எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். பனிக்காற்றில் தாள் ஈரத்தை உறிஞ்சி, இரண்டே நாளில் பொட்டுப் பொட்டாகத் துரு. கெட்டியாகக் கிரீஸ் பூசி பிளாஸ்டிக்கில் சுற்றச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கூலியும் அக்கம்பக்கத்தைவிட அதிகம்தான். கிரைண்டிங்கோடு சேர்த்துப் பார்த்தால் நியாயமே.

வேலை கொடுக்கும்போது தேய்ந்த ஷாஃப்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், தேய்ந்த சீட்டில் அளவு கிடைக்காது. புது பேரிங்கையும் புல்லியையும் கூடவே எடுத்துப் போங்கள். திட்டத் தாளின் நகல் தானாகக் கையில் வராது. கேட்டால் தருகிறார்கள்; அடுத்த ஷாஃப்டுக்கு அதுவே போதும்.