சீனாவுக்குப் போகும் கைபேசி: வி.பி.என்.னா, ரோமிங் இ-சிம்மா?

கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேரடி விமானம் 2025 அக்டோபரில் மறுபடி பறக்கத் தொடங்கியதிலிருந்து, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் பாரிமுனைப் பக்கமும் லேஸ், பட்டன், ஜிப் வியாபாரம் செய்பவர்கள் திரும்பவும் பெட்டி கட்டுகிறார்கள். விசாவையும் ஓட்டலையும் ஏஜெண்ட் பார்த்துக்கொள்கிறார். போனை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் என்னிடம் வந்துவிடுகிறது. குவாங்சோவின் துணிச் சந்தைப் பக்கம் கொள்முதல் வேலையாகத் தங்கியிருந்தவன் நான். இணையத்தை வெளிநாட்டு சர்வர் வழியாகத் திருப்பித் தடையைத் தாண்டும் வி.பி.என். செயலி, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம்மான இ-சிம் என்ற இரண்டு வழிகளையும் அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு இ-சிம்முக்கு வந்தவன். அதனால் நடுநிலைத் தீர்ப்பை எதிர்பார்க்காதீர்கள், ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள், ஜிமெயில், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எதுவும் அங்கே உள்ளூர் இணையத்தில் திறக்காது. பிளே ஸ்டோரும் கிடையாது. எனவே வேண்டிய செயலிகள் அனைத்தையும் சென்னையிலேயே இறக்கி, ஒருமுறை திறந்து, உள்நுழைந்து பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் இரண்டு வழிகள். முதலாவது, அங்கே போய் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சீன சிம் வாங்கி, அதன்மேல் வி.பி.என். போடுவது. இரண்டாவது, ஹாங்காங் அல்லது சிங்கப்பூர் நிறுவனத்தின் ரோமிங் இ-சிம்மை இங்கிருந்தே வாங்கிப் போடுவது. ரோமிங்கில் உங்கள் போன் சீனக் கோபுரத்தைத்தான் பிடிக்கும். ஆனால் டேட்டா அங்கே இணையத்துக்குள் இறங்காது. சிம் எந்த ஊருடையதோ அந்த ஊர் வரை போய், அங்கிருந்துதான் வெளியே வரும். அதனால் வெளிநாட்டுத் தளங்களை மறிக்கும் சீன அரசின் வடிகட்டி குறுக்கே வருவதில்லை. இதற்குத் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. ரோமிங்கின் அமைப்பே அப்படி.

வேகம், விலை, பாதுகாப்பு என்று பேசிக்கொண்டே போகலாம். என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றே ஒன்று: வீட்டிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்குமா?

வி.பி.என். வைத்திருப்பவர்கள் எல்லாரும் 'வாட்ஸ்அப் நன்றாகத்தானே ஓடுகிறது' என்பார்கள். ஓடும், நீங்கள் கூப்பிடும்போது. செயலியைத் திறக்கிறீர்கள், வி.பி.என். இணைகிறது, பேசுகிறீர்கள், சரி. திரையை அணைத்து போனைச் சட்டைப் பையில் போட்ட பிறகு நடப்பதுதான் விஷயம். ஆண்ட்ராய்டில் அழைப்பும் செய்தியும் வந்திருப்பதைத் தட்டி எழுப்பிச் சொல்வது கூகுளின் அறிவிப்புச் சேவை. சீன சிம்மில் அது வி.பி.என். இல்லாமல் ஒழுங்காக வந்து சேரும் என்று நம்ப முடியாது. வி.பி.என்.னோ பின்னணியில் ஓடும் ஒரு செயலி. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். வி.பி.என். ஓடுவதைக் காட்டும் அந்தச் சின்னச் சாவிப் படம் திரையின் மேலே காணாமல் போனதை நாம் கவனிக்கவே மாட்டோம். கூப்பிடுகிறவர் பக்கம் 'காலிங்' என்றே நிற்கும், 'ரிங்கிங்' என்று மாறாது.

இளைஞர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது, மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அம்மா அப்படி இல்லை. மணி அடிக்கவில்லை என்றால் அடுத்த போன் அக்காவுக்கு, அதற்கடுத்தது முதலாளிக்கு. இந்திய நேரத்துக்கு அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், அம்மா சாப்பிட்டு முடித்து எட்டரைக்குக் கூப்பிட்டால் எனக்கு இரவு பதினொன்று. அந்த நேரத்தில் வி.பி.என். உயிரோடு இருக்கிறதா என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?

இதற்கு மருந்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'எப்போதும் இயங்கும் வி.பி.என்.' என்ற வசதி இருக்கிறது. பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கும் கொடுக்கலாம். இரண்டையும் செய்தபின் நிலைமை தேறியது. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்தது. வி.பி.என். போட்டபடி அலிபேயில் பணம் கட்டினாலோ, உள்ளூர் வரைபடத்தைத் திறந்தாலோ, எல்லாம் வெளிநாடு சுற்றி வந்து இழுத்தடிக்கும். கேண்டீன் வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது வி.பி.என்.னை அணைத்துவிட்டுக் கட்டத் தோன்றும். கட்டியபின் திரும்பப் போட நினைவு வராது. குறிப்பிட்ட செயலிகளை மட்டும் வி.பி.என்.னுக்கு வெளியே விடும் ஸ்ப்ளிட் டனலிங் சில சேவைகளில் உண்டு. வி.பி.என்.தான் என்று முடிவு செய்தவர்கள் அது இருக்கிறதா என்று பார்த்துச் சந்தா கட்டுங்கள்.

இ-சிம்மில் இந்தப் பஞ்சாயத்து எதுவும் இல்லை. போன் ராயபுரத்தில் இருப்பதுபோலவே நடந்துகொண்டது. அம்மா கூப்பிட்டார், அடித்தது. அலிபேயும் அதே இணைப்பில் ஓடியது, கொஞ்சம் நிதானமாக.

வி.பி.என்.னுக்கு இன்னும் இரண்டு குறை. அக்டோபர் 1 தேசிய நாள், மார்ச்சில் நடக்கும் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் போன்ற நாட்களில் கெடுபிடி ஏறி, நேற்று வரை இணைந்த சர்வர் இன்று இணையாமல் போகும். புதிய பதிப்பை இறக்கலாம் என்றால் அந்த வி.பி.என். நிறுவனத்தின் இணையதளமே தடையில் இருக்கும். அதோடு அரசு அனுமதி இல்லாத வி.பி.என். அங்கே சட்டப்படி கூடாது. குவாங்தொங் மாகாணத்தில் ஒருவருக்கு 1,000 யுவான் அபராதம் போட்டது 2019 தொடக்கத்தில் செய்தியாக வந்தது. சாதாரணமாகப் பயன்படுத்தும் வெளிநாட்டவரைத் தேடிப் பிடித்ததாக என்னைச் சுற்றி யாரும் சொன்னதில்லை. அதை வைத்து உங்களுக்கு உத்தரவாதம் தர நான் தயாரில்லை.

இ-சிம்மின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் காசு. வி.பி.என்.னுக்கு ஓராண்டுச் சந்தாவாகக் கட்டினால் மாதம் சில நூறு ரூபாயில் முடியும். தினமும் வீடியோ பார்ப்பவருக்கு இ-சிம் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் ஒரு நாளுக்கு இத்தனை ஜி.பி. என்ற எல்லை உள்ளே இருக்கும், தாண்டினால் ஊர்ந்து போகும். டேட்டா மட்டும்தான், போன் எண் கிடையாது. ஹாங்காங் வழியாக வெளியேறும் இ-சிம்மில் சாட்ஜிபிடி திறக்காது, சாட்ஜிபிடியை நடத்தும் நிறுவனமே ஹாங்காங்கில் சேவை தருவதில்லை. அது வேண்டுமென்றால் சிங்கப்பூர் வழி போவதா என்று கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர் சிம்மிலேயே ரோமிங் பேக் போட்டாலும் இதே வேலை நடக்கும். நாலு நாள் கண்காட்சிக்குப் போகிறவர் அதையே போட்டுக்கொள்ளலாம். மாதக்கணக்கில் கட்டுப்படியாகாது.

எந்த வழியில் போனாலும் இந்திய சிம் போனுக்குள்ளேயே, டேட்டா அணைத்த நிலையில் இருக்கட்டும். வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும். எனக்கு அங்கே உள்வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பணம் பிடிக்கவில்லை, உங்கள் பேக்கில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ரோமிங்கைத் திறந்துவிட வேண்டும். டேட்டா இல்லாத, அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள நீண்ட கால ரீசார்ஜ் தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்த பிறகு, இப்படி எண்ணை உயிரோடு வைத்திருப்பது சுலபமாகிவிட்டது. அங்கே போய் போனை மாற்றாதீர்கள். யு.பி.ஐ. செயலி புதுப் போனில் பதிவாக உங்கள் சிம்மிலிருந்து எஸ்.எம்.எஸ். போக வேண்டும், அந்தச் சோதனை பரதேசத்தில் வேண்டாம்.

வீசாட் தனிக் கதை. சந்தையில் கடைக்காரர் எல்லாரும் அதில்தான் பேசுவார்கள். இந்தியாவிலோ 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் அதுவும் ஒன்று. ஆகவே அதை அங்கே போய்த்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுக் கணக்குக்கு ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் ஸ்கேன் செய்து உறுதி சொல்ல நேரலாம், சப்ளையரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அலிபேயில் 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளைச் சேர்க்க முடிகிறது. 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் கட்டினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள்.

பர்மா பஜாரில் மலிவாகக் கிடைக்கிறதென்று சீனப் பதிப்பு போன் ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். இந்த வேலைக்கு வேண்டாம் தம்பி. சீனச் சந்தைக்கென்று வந்த போன்களில் பெரும்பாலானவற்றில் இ-சிம் வசதி இருக்காது, கூகுள் சேவைகளும் முழுதாக இருக்காது. எந்தப் போனாக இருந்தாலும் கடையிலேயே *#06# அடித்துப் பாருங்கள். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யோடு இ.ஐ.டி. என்று ஒரு நீண்ட எண்ணும் வந்தால் இ-சிம் போடலாம்.

மருத்துவம் படிக்க ஐந்தாறு ஆண்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு என் கணக்கு பொருந்தாது. விடுதி வைஃபையும் சீன எண்ணும் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும், வி.பி.என். இல்லாமல் செலவு தாங்காது. இரண்டு வெவ்வேறு வி.பி.என்.களை இங்கேயே இறக்கிக்கொண்டு, அவசரத்துக்கு ஒரு சின்ன இ-சிம்மையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஐஃபோனில் அழைப்பு வரும் விதம் வேறு, நான் பேசியது முழுக்க ஆண்ட்ராய்டு அனுபவம். குவாங்சோவைத் தாண்டி வடக்கே நான் போனதுமில்லை. கூகுள் டிரான்ஸ்லேட்டில் சீன மொழிப் பேக்கை மட்டும் எல்லாரும் விமானம் ஏறுமுன் இறக்கிவிடுங்கள். இணையம் இல்லாத நேரத்திலும் கேமராவைக் காட்டி மெனு கார்டைப் படிக்கலாம்.