நாலடித் தொட்டியும் நடுவில் ஒரு பட்டியும்

முதலில் அந்தப் பட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு என் மீன் தொட்டியைப் பாராட்ட உட்கார்ந்தால் ஒரு வாக்கியம்கூட உருப்படியாக வராது.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 8 எம்.எம். கண்ணாடி. சென்னை கொளத்தூர்ப் பக்கம் அளவு சொல்லிச் செய்து வாங்கியது. மேல் விளிம்பில், சரியாக நடுவில், முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் இணைத்து ஆறு அங்குல அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கும். கடையில் பட்டி என்பார்கள், சிலர் பிரேஸ் என்பார்கள். மீன் சாப்பாட்டு டப்பாவை அதன் மேல்தான் வைக்கிறார் என்பதால் அம்மாவுக்கு அது பரண்.

அது எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளும். எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தம். நீளம் கூடக்கூட கண்ணாடியின் நடுப்பகுதி பிடிமானம் இல்லாமல் வெளியே வளையப் பார்க்கும். மூலைகளில் பக்கக் கண்ணாடி பிடித்துக்கொள்கிறது, நடுவில் பிடிக்க யாரும் இல்லை. பட்டி அந்த வேலையைச் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சிலிக்கான் ஒட்டுகளுக்கு நாள் முழுக்க இழுவை, ஒருநாள் இருநூற்றுச் சொச்சம் லிட்டர் தண்ணீரும் ஹாலில். ஆக, பட்டி இருப்பது நியாயம். எனக்குக் கோபம் வருவதும் நியாயம்தான்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். சென்னையில் பலருக்கும் இதே கதைதான், பக்கெட்டில் ஒரு வாரம் விட்டால் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டும். தொட்டியில் காற்றுக் குமிழி மேலே வந்து உடையும்போது பொடிப்பொடியாகத் தண்ணீர் தெறிக்கிறது. தெறித்தது பட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டுகிறது. மேலே இருக்கும் எல்.இ.டி. விளக்கின் சூட்டில் காய்கிறது. தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு போகாது. மறுநாள் அதன் மேல் இன்னொரு படலம். இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் கண்ணாடி பால் நிறத்துக்கு வந்துவிடும். விளக்கு வெளிச்சம் அதைத் தாண்டி இறங்காமல் தொட்டியின் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை விழும். நாலடி நீளத்துக்கு ஒரே காட்சியாகப் பார்க்கலாம் என்றுதானே இவ்வளவு செலவு செய்தோம்? இப்போது அங்கே இரண்டு தொட்டி நிற்பதுபோல் தெரிகிறது.

அதைச் சுரண்டுவது தனிக் கலை. பக்கக் கண்ணாடியில் படிந்த சுண்ணாம்புக் கோடு என்றால், தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, வினிகர் நனைத்த துணியை ஒட்டிவைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் இளகிவிடும். எலுமிச்சை மூடியைத் தேய்த்தாலும் போகும். பட்டியின் அடிப்பக்கத்தில் துணி நிற்காது, விழும். கையை உள்ளே விட்டு, மணிக்கட்டை மேல்நோக்கித் திருப்பி, கண்ணால் பார்க்காமல் பிளேடால் வழிக்க வேண்டும். சிலிக்கான் ஒட்டு இருக்கும் ஓரத்தில் பிளேடு பட்டுவிடக் கூடாது. வழித்தது தண்ணீரில் விழும், மீன்கள் தீனி என்று நினைத்து வாயில் வாங்கித் துப்பும். வினிகர் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் முடிந்து போன ஞாயிறு கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நண்பர் கூப்பிட்டார்.

அவரிடம் இரண்டடித் தொட்டி, நான்கு கோல்ட்ஃபிஷ். "மீன் பெருசாயிடுச்சு சார், இடம் பத்தலை. உங்களை மாதிரி நாலடி போட்டுடட்டுமா? இல்ல, மூணடி நீளம், ரெண்டடி உயரம்னு ஒண்ணு காட்டுறாங்க, பார்க்க அம்சமா இருக்கு" என்றார். கேட்ட நேரம் அவருக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் நியாயமாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

உயரத்தில் மயங்க வேண்டாம். மூன்றுக்கு ஒன்றரைக்கு இரண்டு என்றால் 9 கன அடி. என்னுடைய நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரையும் அதே 9 கன அடிதான், விளிம்பு வரை நிரப்பினால் இரண்டிலும் சுமார் 255 லிட்டர். ஆனால் தண்ணீரின் மேற்பரப்பு அதில் நாலரைச் சதுர அடி, இதில் ஆறு. மீன் மூச்சுவிடும் ஆக்சிஜன் அந்த மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது. கோல்ட்ஃபிஷ் குறுக்கே நீந்தும் மீன், லிஃப்டில் போவதுபோல் மேலும் கீழும் போய்வராது. அதோடு, இரண்டடி ஆழத்தில் கூழாங்கல்லைத் தொட வேண்டும் என்றால் தோள் வரை நனையும். சட்டையைக் கழற்றிவிட்டு மீன் வளர்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் இல்லை.

இரண்டடித் தொட்டி என்பது கணக்குப்படி 57 லிட்டர், கல்லும் ஃபில்டரும் போக ஐம்பதுகூடத் தேறாது. அதில் நான்கு கோல்ட்ஃபிஷ் கழிப்பதைத் தண்ணீர் தாங்காது. கழிவிலிருந்து அம்மோனியா, அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை. சின்னத் தொட்டியில் ஒரு வாரம் தண்ணீர் மாற்றத் தவறினால் வாசனையே சொல்லிவிடும். பெரிய தொட்டி வந்த பிறகு அந்த வாசனையை நான் மறந்தே போனேன். வெளியூர் போய் ஒரு வாரம் கழித்து வந்தாலும் தண்ணீர் அப்படியே நிற்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதியில் கரண்ட் போனது, இன்வெர்ட்டரும் சீக்கிரமே கைவிட்டது. ஃபில்டர் இல்லை, ஏர் பம்ப் இல்லை. தீனியை நிறுத்திவிட்டு, அவ்வப்போது ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ஒரு மீன்கூடப் போகவில்லை. இரண்டடித் தொட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம் தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் வகை) வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: நெடுநேரம் நின்ற ஃபில்டரைக் கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்து அழுகிய தண்ணீர் இருக்கும். திறந்து, அதைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட வேண்டும்.

எனக்கு நிஜமாகவே ஆச்சரியம் தந்தது வேறு. பழைய தொட்டியில் என் ஒராண்டா, அதாவது கோல்ட்ஃபிஷில் ஒரு வகை, நீந்தியதை நான் பார்த்ததே இல்லை என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அங்கே அது செய்ததெல்லாம் திரும்புவதுதான். வாலை ஒருமுறை தள்ளும், கண்ணாடி வந்துவிடும், திரும்பும். இங்கே மூன்று நான்கு முறை தள்ளிவிட்டு, வாலை அசைக்காமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் வால் துடுப்பின் இரண்டு மடலும் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுகிவிடும், நின்றதும் மறுபடி விரியும். இதைப் பார்த்துக்கொண்டே காபி ஆறிப்போயிருக்கிறது. பட்டியின் மேலிருந்து தீனி டப்பாவை அம்மா எடுக்கும்போது தகரம் கண்ணாடியில் உரசும் சத்தத்துக்கே அந்தக் கோடியிலிருந்து மொத்தக் கூட்டமும் ஓடிவரும். பட்டியால் விளைந்த ஒரே நன்மை என்று இதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்.

நாலடி வந்ததும் எனக்கு மிஸ் கேரளா மீன் மேல் ஆசை வந்தது. உடலின் நடுவே சிவப்புக் கோடு, அதன் கீழே கறுப்புக் கோடு, கூட்டமாக ஓடும். 1860களில் மதராஸ் கவர்னராக இருந்த டெனிசன் பெயரால்தான் அதற்கு டெனிசன் பார்ப் என்ற பெயர். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர்தான் அதன் ஊர். மே மாதச் சென்னையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டுகிறது. காட்டில் அழியும் நிலையில் இருக்கும் மீன் வேறு. ஆசையை விட்டுவிட்டேன்.

மற்றவை சுருக்கமாக. எடை: தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து 300 கிலோ வரும். மாடி வீடு என்றால் சுவரை ஒட்டி, பீம் போகும் பக்கமாக வையுங்கள். ஸ்டாண்டுக்கு இரும்புச் சட்டம், மேலே பிளைவுட், அதன் மேல் தெர்மாகோல் ஷீட். பார்ட்டிகிள் போர்டு ஸ்டாண்டை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள், ஒரு முறை நனைந்தால் ஊதிவிடும். மின்சாரம்: 20 வாட் ஃபில்டர் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட்டுக்குள்தான். தண்ணீர் மாற்ற ஹோஸ் பைப் கட்டாயம், அறுபது எழுபது லிட்டரை பக்கெட்டில் தூக்கினால் இடுப்பு பதில் சொல்லும். வெளியேற்றும் தண்ணீரை பால்கனி கறிவேப்பிலைக்கு விடுகிறேன், செழிப்பாக இருக்கிறது. லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ ஊற்றும் நாளில் ஆன்டி குளோரின் சொட்டுகளை மறக்க வேண்டாம். பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் கழுவி எடுத்து வைக்காமல் அழுக்கோடு புதுத் தொட்டிக்கு மாற்றுங்கள், பாக்டீரியா குடியிருப்பது அதில்தான்.

சரி, கோடைக்கு வருகிறேன். சூட்டைக் குறைக்கத் தண்ணீரின் மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பிவைப்போம். இரண்டு மூன்று டிகிரி குறையும், பெரிய உதவி. குறைவது தண்ணீர் ஆவியாவதால்தான் என்பதை மட்டும் விசிறி விற்பவர் சொல்லமாட்டார். தினமும் மட்டம் இறங்கும், போர் தண்ணீரை ஊற்றி நிரப்புவோம். ஆவியானது வெறும் தண்ணீர், ஊற்றியது உப்புத் தண்ணீர். ஆக, தொட்டியில் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும், வெள்ளைக் கோடு தடிக்கும், பட்டி வெளுக்கும். ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பினால் குறையும் என்பது உண்மை. குடிக்கிற தண்ணீரை நான் மீனுக்கு மொண்டு ஊற்றுவதை அம்மா எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்?

நண்பர் இடையில் கேட்டார், "ஒரு சக்கர் மீன் போட்டா கண்ணாடியெல்லாம் சுத்தமாயிடாதா?" ஆகாது. அது பாசியைத் தின்னும், சுண்ணாம்பைத் தின்னாது. ஒரு அடிக்கு மேல் வளரும், கோல்ட்ஃபிஷைவிட அதிகமாகக் கழியும். கடைசியில் இடம் இல்லாமல் ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். தென் அமெரிக்க மீன் அது, நம் ஏரிகளில் இப்போது வலை போட்டால் அதுதான் வருகிறது என்று மீனவர்கள் திட்டுகிறார்கள்.

பட்டியின் இன்னொரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும். தொட்டிக்கென்று ஒரு வேர்க்கட்டை வாங்கினேன், இரண்டரை அடிக்குக் கிளை பரப்பிய அருமையான கட்டை. நாலடித் தொட்டிக்குள் இரண்டரை அடிக் கட்டை போகாது என்று யார் நினைப்பார்கள்? பட்டி நடுவில் இருப்பதால் மேலே திறப்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இரண்டடிக்கும் குறைவு. படுக்கவைத்து, நிமிர்த்தி, சாய்த்து, எப்படி நுழைத்தாலும் ஒரு கிளை பட்டியில் இடித்தது. கடைசியில் ரம்பம் எடுத்தேன். மீனைப் பிடிக்க வலை போட்டாலும் இதே கதைதான். அவை நேராகப் பட்டிக்கு அடியில் போய் நின்றுகொள்ளும், வலையின் கைப்பிடி அங்கே திரும்பாது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது: மூன்றடி வாங்குங்கள். மூன்றுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, 10 எம்.எம். கண்ணாடி, பட்டியே வேண்டாம். 190 லிட்டர் வரும். நான்கு கோல்ட்ஃபிஷுக்கு அது இறுக்கம்தான், தெரியும். மேலே நான் பெருமையாகச் சொன்னதில் பாதி மூன்றடியில் கிடைக்காது என்பதும் தெரியும். டிசம்பரில் கேட்டிருந்தால், விசிறி நின்று பட்டி பளிச்சென்று இருக்கும்போது, நாலடிக்குக் குறைந்து எதையும் தொடாதீர்கள் என்றிருப்பேன். இது மே மாதம். மூன்றடி.

இல்லை, நாலடிதான் என்று அடம்பிடித்தால், பட்டி இல்லாமல் 12 எம்.எம். கண்ணாடியில் செய்யச் சொல்லலாம், விலையைக் கேட்டுவிட்டு உட்கார ஒரு நாற்காலியும் கேளுங்கள். அது கட்டுப்படி ஆகாவிட்டால் 10 எம்.எம்., குறுக்கே ஒட்டாமல் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நீளவாக்கில் இரண்டு அங்குல அகலத்தில் ஒவ்வொரு பட்டி ஒட்டித் தரச் சொல்லுங்கள், நடுவில் முழு நீளமும் திறந்திருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். "எல்லாரும் நடுவிலதான் சார் ஒட்டுவாங்க" என்பார் கடைக்காரர். காகிதத்தில் படம் போட்டே கொடுத்துவிடுங்கள்.